கூண்டு முதலா, வண்டி முதலா?

திருகோணமலை நிலாவெளி வீதியில் அரை ஏக்கர் காணி. உறுதியில் சிக்கல் இல்லை, நல்ல கிணறு, மூன்று பக்கம் வேலி. கனடாவில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர் ஒருவர், "காயப்பட்ட மிருகங்களுக்கு ஒரு இடம் கட்டுங்கோ, காணியை நான் தாறன்" என்று சொல்லி, தை பிறக்க முதல் பதில் கேட்டிருக்கிறார். நாங்கள் ஆறு பேர். இத்தனை வருடமும் வீட்டு விறாந்தையிலும் பழைய கோழிக்கூட்டிலும் வைத்துப் பார்த்து, முடிந்ததைக் காப்பாற்றி, முடியாததைப் புதைத்தவர்கள். காணி என்றதும் எல்லாருடைய கண்ணிலும் வரிசையாகக் கூண்டுகளும் வாசலில் ஒரு பெயர்ப்பலகையும்தான் தெரிந்தன. என் கண்ணிலும் அதுதான். பிறகு இரண்டு மாதம் இருந்து கதைத்தோம். மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் இதே யோசனையோடு இருப்பவர்களுக்கு உதவும் என்பதால், அந்தக் கதையை என் தீர்ப்போடு சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. காணியில் முழுமையான பராமரிப்பு நிலையம் கட்டுவது ஒன்று. கட்டடம் எதுவும் இல்லாமல், பழகிய ஆட்களின் வீடுகளில் பிரித்துக் கொடுத்து வளர்ப்பது இன்னொன்று. மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கடலாமைக்கு மட்டும் தொட்டி கட்டுவது மூன்றாவது. நான்காவது, முதல் ஒன்றிரண்டு நாள் மட்டும் உயிரைப் பிடித்து வைத்து, வனசீவராசிகள் திணைக்களத்தின் வைத்தியர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கு இரண்டு அறையும் ஒரு வண்டியும் போதும்.

எதைத் தெரிவு செய்தாலும் முதலில் விளங்கவேண்டியது சட்டம். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். இரக்கத்தில் வைத்திருந்தேன் என்பது சட்டத்துக்குப் பதில் ஆகாது. ஆகவே திணைக்களத்தைத் தவிர்த்துவிட்டு நடத்தக்கூடிய வழி இந்த நான்கிலும் இல்லை. ஒரு மிருகம் கைக்கு வந்ததும் முதல் அழைப்பு 1992 என்ற அவர்களுடைய இலக்கத்துக்குத்தான் போகவேண்டும். முகநூலில் படம் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டாவது விளங்கவேண்டியது நம்முடைய ஊர். அரை மணி நேர ஓட்டத்துக்குள் கடல், களப்பு, வயல், காடு எல்லாம் வந்துவிடும் ஊர் இது. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் வீதியிலும் புள்ளிமான் மேய்கிறது. கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிற பக்கம் முழுக்கச் சதுப்பும் கண்டலும். தம்பலகாமத்து வயலில் அறுவடை இயந்திரம் இறங்கினால் காட்டுப்பூனைக் குட்டிகள் வெளியே வரும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்னையிலும் பனையிலும் இருந்து குஞ்சுகள் விழும். வாடைக்காற்றுக் காலத்தில் கிழிந்த வலைகள் கரையேறும், சிலவேளை உள்ளே ஆமையோடு. தங்கூசித் தூண்டில் நூல் சுற்றிய கொக்கு, வாகனம் அடித்த மரநாய், மின்கம்பியில் பட்ட மந்தி, நாய் கடித்த உடும்பு, யாரோ வீட்டில் வளர்த்துவிட்டு வேண்டாம் என்று கொண்டுவந்த நட்சத்திர ஆமை. இவ்வளவுக்கும் ஒரே வைத்தியம் இல்லை, ஒரே கூண்டும் இல்லை.

முழுமையான நிலையத்தைப் பற்றி நாங்கள் அதிகம் கதைத்தோம், ஏனென்றால் ஆசை அங்கேதான் இருந்தது.

இலங்கையில் இதை யோசிப்பவர்களுக்கு இரண்டு பாடங்கள் கண்முன்னே இருக்கின்றன. இரண்டும் யானை. பின்னவலையில் 1975 இல் தாயில்லாக் குட்டிகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார்கள். குட்டிகள் வளர்ந்தன, ஆட்களுக்குப் பழகின, 1984 இல் அங்கேயே குட்டி பிறந்தது. அவை காட்டுக்குத் திரும்பவில்லை. அங்கே இருப்பது இன்று ஒரு பெரிய வளர்ப்புக் கூட்டம். இருபது வருடம் கழித்து, 1995 இல், உடவளவையில் திணைக்களம் ஓர் இடைத்தங்கல் நிலையம் தொடங்கியது. அதே இனம், அதே அநாதைக் குட்டிகள். ஆனால் பார்க்க வருபவர்கள் தள்ளி ஒரு மேடையில் நிற்கவேண்டும், தொட முடியாது. மூன்று மணிக்கொரு தடவை பால் வரும், பால் முடிந்ததும் குட்டிகள் மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும். வளர்ந்தவை சேர்ந்து பழகிய கூட்டாளிகளோடு காட்டில் விடப்படும். 1998 இலிருந்து அப்படி விட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் அன்புக்குக் குறைவில்லை. மிருகம் எந்த வாசலால் வெளியே போகப்போகிறது என்பதை உடவளவையில் முதல் நாளே தீர்மானித்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் காணியில் கூண்டுகளைக் கட்டினால், வெளியே போகிற வாசல் எங்கே இருக்கும் என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

காணியை மனதுக்குள் பிரித்துப் பார்த்தோம். அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச். கேட்கப் பெரிது. புதிதாக வருவதைப் பழையதிலிருந்து விலக்கி வைக்கத் தனி இடம் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போகும். மரநாயின் மணம் அணிலுக்கும் குஞ்சுக்கும் எட்டக்கூடாது. வேட்டையாடுகிற மிருகத்தின் மணமே சின்ன உயிரைத் தின்னவிடாமல் ஒடுக்கிவிடும். பருந்துக்குப் பறந்து பழக நீளமான கூண்டு. தீன் ஆக்கும் இடம், கழுவும் இடம், செத்தவற்றைப் புதைக்கும் மூலை, இரவு நிற்கிற ஆளுக்கு ஓர் அறை. எல்லாவற்றையும் தாளில் கீறி முடிக்கும்போது கிணற்றடியில் ஓர் ஆள் நிற்க இடம் மிஞ்சியது.

ஆள் கணக்கு அதைவிடக் கடினம். கண் திறக்காத ஒரு மரநாய்க் குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கொரு தடவை பால் கொடுக்கவேண்டும். நாளுக்கு எட்டுத் தடவை என்று வைத்தாலும் ஆறு கிழமைக்கு 336 தடவை, ஒரு குட்டிக்கு மட்டும். ஒவ்வொரு தடவையும் பாலுக்கு முன் உடம்பைச் சூடாக்கவேண்டும், பிறகு வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தைத் தடவிச் சிறுநீர் போகவைக்கவேண்டும். தாய் நாக்கால் செய்கிற வேலை அது, செய்யாவிட்டால் குட்டி தானாகப் போகாது. இரவு இரண்டு மணிக்கும் இதுதான். இதைச் செய்ய ஆட்கள் வருவார்கள். முதல் மாதம் பத்துப் பேர் வருவார்கள், நான்காவது மாதம் நானும் இன்னொருவரும் இருப்போம். வந்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வேலையும் பிள்ளைகளும் உண்டு.

சில மிருகங்களுக்கு மனம் மட்டும் போதாது. அழுங்கு வந்தால் என்ன செய்வது? அது தின்பது எறும்பும் கறையானும். பால்மாவும் முட்டையும் வைத்து ஏமாற்ற முடியாது, கூண்டில் அது பெரும்பாலும் தின்னாமலே மெலிந்து போகும். தேவாங்கும் அப்படி ஒரு நுட்பமான உயிர்.

வைத்தியம் என்ற பகுதிக்கு வந்தபோது மேசையில் சத்தம் குறைந்தது. நாட்டில் மிருக வைத்தியர்களை உருவாக்கும் பீடம் பேராதனையில் மட்டும்தான் இருக்கிறது. இங்கே இருக்கிற அரச மிருக வைத்தியர்கள் மாடு, ஆடு, கோழி என்று மாவட்டம் முழுக்க ஓடுகிறவர்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் விறாந்தையில் நின்று தையல் போட்டுவிட்டுப் போனவர்களை நான் மறக்கமாட்டேன். ஆனால் அந்த நல்ல மனத்தின் மேல் ஒரு நிறுவனத்தைக் கட்டக்கூடாது. வைத்தியர் இல்லாத நிலையம் என்பது மிருகம் மெதுவாகச் சாகிற இடம்.

"நிலாவெளிக்கு வாற வெள்ளைக்காரரிட்ட சீட்டு வித்தாக் காசு வருமே" என்று எங்களில் இளையவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், காசு எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். நான் அவரைக் கோட்டைப் பக்கம் போய் அரை மணி நேரம் மான்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஆளின் கையிலிருந்து வாழைப்பழம் வாங்கப் பழகிய மான், ஆள் விட்டுப்போகிற சொப்பிங் பையையும் தின்னும். பை வயிற்றில் தங்கும், வெளியே வராது. மனிதனுக்குப் பயப்படாமல் இருப்பது காட்டு உயிருக்கு ஒரு காயம்தான். சீட்டு விற்கிற நிலையம் நாளுக்கு நூறு பேரைக் கொண்டுவந்து அந்தக் காயத்தைச் செய்யும்.

வீடுகளில் பிரித்து வளர்க்கும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. செலவு குறைவு, பால் கொடுக்கிற கைகள் கூட, சத்தமில்லாத அறைகள். வேறு நாடுகளில் அனுமதிப்பத்திரமும் பயிற்சியும் கொடுத்து இதை நன்றாகச் செய்கிறார்கள். இங்கே அப்படி ஓர் ஒழுங்கு இல்லாமல் பத்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தால் பத்துக் குடும்பத்தையும் சட்டத்துக்கு முன் நிறுத்துகிறோம். பிள்ளைகள் பெயர் வைப்பார்கள், மடியில் வைத்துத் தூங்குவார்கள், பிறகு கொடுக்கமாட்டார்கள். குரங்கோ கீரியோ மரநாயோ கடித்தால் நீர்வெறுப்பு நோய்க்கான ஊசிக்கு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அதைச் சின்னக் கீறல் என்று விடுகிற வீடுகளை எனக்குத் தெரியும். அணில் குஞ்சு, மைனாக் குஞ்சு என்றால் பெரும்பாலும் வளர்க்கவே தேவையில்லை. கூடு கிட்ட இருந்தால் திரும்ப வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய்.

கடலாமைத் தொட்டி என்னை உண்மையாகவே இழுத்தது. இலங்கைக் கரைக்கு ஐந்து இனக் கடலாமைகள் வருகின்றன, உலகில் இருப்பதே ஏழு. எங்களுக்கு முன்னால் கடல். ஆமை கடிக்கும், ஆனால் நீர்வெறுப்பு நோய் தராது. பால் வேண்டாம், பேணி வேண்டாம்.

ஒருநாள் விடிய ஐந்தரைக்கு உப்புவெளிப் பக்கத்துக் கரைவலை வாடியிலிருந்து போன் வந்தது. "அக்கா, வலை இழுக்கேக்க ஒண்டு வந்திருக்கு. உயிர் இருக்கு. நாங்கள் தொடேல்ல, வாங்கோ." போனால் ஒரு சிற்றாமை. முன்பக்க இடது துடுப்பில் பச்சை நைலோன் வலை சுற்றி, தோலுக்குள் இறங்கி, மேலே சதை மூடத் தொடங்கியிருந்தது. வலை நூல் எங்கே போகிறது என்று விரலால் தேடினால் எலும்பில் தட்டியது. பழுது மணம். ஓட்டின் விளிம்பில் பாசியும் சின்னச் சின்ன ஒட்டுச் சிப்பிகளும், பல நாள் ஒழுங்காக நீந்தாமல் மிதந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஒரு தம்பி அதைத் திரும்பக் கடலில் விடச் சொன்னான், இன்னொருவன் தண்ணீர்த் தொட்டிக்குள் போடச் சொன்னான். இரண்டும் அதைக் கொன்றிருக்கும். களைத்துப்போன ஆமை தலையைத் தூக்கி மூச்செடுக்க முடியாமல் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போகும். நிழலில், வயிறு கீழே இருக்க, ஈரச் சாக்கை மூக்கு மூடாமல் முதுகில் போட்டு வைக்கவேண்டும். வலையை இழுக்காமல் இரண்டு பக்கமும் வெட்டினோம், சதைக்குள் புதைந்த துண்டை வைத்தியர் வரும்வரை விட்டுவிட்டோம். அவர் வந்து ஒரு மணி நேரம் எடுத்து ஒவ்வொரு நூலாக எடுத்தார். அந்த ஆமை தப்பவில்லை. நான்காம் நாள் போய்விட்டது. அந்த நான்கு நாளும் நாங்கள் பிளாஸ்ரிக் பீப்பாயில் கடல் தண்ணீர் அள்ளி வந்தோம். அப்போதுதான் தொட்டி கட்டவேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வேரோடியது.

ஆனாலும் கணக்கைப் பார்க்கவேண்டும். ஆமையின் காயம் ஆற மாதக் கணக்காகும். அவ்வளவு காலமும் சுத்தமான கடல் தண்ணீர் ஏறி இறங்கவேண்டும், அதற்குப் பம்பும் குழாயும் மின்சாரமும். உப்புக்காற்று எந்தப் பம்பையும் சும்மா விடாது. உயர்நீர் மட்டத்திலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் கட்டடம் கட்டவும் குழாய் இறக்கவும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இது எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் கரையின் நினைவு ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலாவெளியை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரை கடந்தது. அன்றிரவு தொட்டியில் ஆறு ஆமைகள் இருந்திருந்தால் எந்த வாகனத்தில் ஏற்றியிருப்போம்?

இன்னொன்றும் பயமுறுத்தியது. தொட்டி இருந்தால் ஆட்கள் முட்டையையும் குஞ்சையும் கொண்டுவருவார்கள். முட்டையிலிருந்து வந்த குஞ்சு உடனே கடலுக்கு ஓடவேண்டும். அந்த முதல் மணி நேரங்களில் இருக்கிற நீந்தும் வேகத்தில்தான் அது கரையோரத்து வாய்களைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போகிறது. தொட்டியில் மூன்று நாள் வைத்து ஆட்களுக்குக் காட்டிவிட்டு விட்டால் அந்த வேகம் போய்விடும். நல்ல மனத்தோடு செய்தாலும் கெடுதல் கெடுதல்தான்.

நான்காவது வழியை முதலில் நாங்கள் ஒரு வழியாகவே எண்ணவில்லை. ஒருவர் "அது வெறும் ஏத்தி இறக்கிற வேலை" என்றார். அதை மாற்றியது ஒரு மான்குட்டி.

கன்னியாப் பக்கத்து வீதியோரப் பற்றையில் தனியாகப் படுத்திருந்தது என்று ஒரு குடும்பம் அதைச் சாக்கில் சுற்றி ஓட்டோவில் கொண்டுவந்தது. வழியில் பிள்ளைகள் மாறி மாறி மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஓட்டோவில் பாட்டு. வீட்டில் இரண்டு மணி நேரம் வைத்து, பயப்படாமல் இருக்க என்று, பசும்பாலும் கொடுத்திருந்தார்கள். நான் வாங்கியபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கண் அகன்று, வாய் திறந்து மூச்சு வாங்கியது, கழுத்துத் தசை கல் மாதிரி. அடுத்தநாள் பின்னங்கால் வேலை செய்யவில்லை. சிறுநீர் தேநீர்ச் சாயம் போல வந்தது. மூன்றாம் நாள் செத்தது. மானுக்குப் பிடிபடும் பயமே நோய். பயத்தில் தசை சிதையும், சிதைந்தது இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அதைவிட வலித்தது வேறு. அந்தக் குட்டி அநாதையே இல்லை. தாய் மான் குட்டியைப் பற்றையில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும், குட்டி அசையாமல் கிடக்கும். அது கைவிடப்பட்ட கிடப்பு இல்லை, ஒளிந்திருக்கும் கிடப்பு. மாலையில் தாய் வந்து தேடியிருக்கும்.

அந்தக் குட்டியைப் பத்து இலட்ச ரூபாய்க் கூண்டாலும் காப்பாற்ற முடியாது. அந்தக் குடும்பம் தூக்க முதல் ஒரு போன் எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். எங்கள் கொப்பியை எடுத்து ஒவ்வொரு மரணத்துக்கும் பக்கத்தில் எந்த இடத்தில் கை நழுவியது என்று எழுதினோம். பெரும்பாலானவை எங்களிடம் வர முன்னமே, அல்லது வந்த முதல் சில மணி நேரத்திலேயே, முடிவாகியிருந்தன. குளிர்ந்த குட்டிக்குச் சூடாக்காமல் பால். குஞ்சின் அலகைத் திறந்து ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் போனது. கூழைக்கடாவின் அலகை ரேப்பால் இறுக்கிக் கட்டியது. கூழைக்கடாவுக்கு மூக்குத் துவாரம் மூடியிருக்கும், வாயால்தான் மூச்சு எடுக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் எங்களுக்கு வேலை இருக்கிறது. கூண்டு இதற்குப் பிறகு வருகிற விடயம்.

2017 இல் நம் கடலில் நடந்ததையும் நினைத்துப் பார்த்தோம். மே மாதக் கடைசியில் சம்பூர்க் கரையில் இருபது பைலட் திமிங்கிலங்கள் ஏறின. கடற்படையினரும் ஊரவரும் இரவிரவாகத் தண்ணீரில் நின்று திருப்பி அனுப்பினார்கள். ஜூலையில் திருகோணமலைக் கடலில் அள்ளுண்ட இரண்டு யானைகளைக் கடற்படை கயிறு போட்டுக் கரை சேர்த்தது, திணைக்களத்து ஆட்களும் கூட நின்றார்கள். இரண்டு தடவையும் உயிரைக் காத்தது நேரத்துக்குப் போன செய்தியும் வேலை தெரிந்த கைகளும்.

இந்த வழிக்கு என்ன வேண்டும்? பகலிலும் இருட்டாக வைக்கக்கூடிய இரண்டு சின்ன அறைகள், ஒன்று பாலூட்டிகளுக்கு, ஒன்று பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும். சுடுநீர்ப் போத்தல், பழைய துவாய், தராசு, மூடியுள்ள பெட்டிகள். மீன் கொண்டுபோகிற ரெஜிபோம் பெட்டியில் துளை போட்டால் குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல பெட்டி இல்லை. ஒரு பழைய வான். மாறி மாறி இரவும் பகலும் எடுக்கிற ஒரு தொலைபேசி. திணைக்களத்தோடு எழுத்தில் ஓர் உடன்பாடு.

குறைகளை மறைக்கமாட்டேன். கிரித்தலையில் இருக்கிற வனசீவராசி வைத்திய நிலையத்துக்கு இங்கிருந்து கந்தளாய், ஹபரணை வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல். காயப்பட்ட மிருகத்துக்கு அந்தப் பயணம் ஒரு தண்டனை. வானில் பாட்டுப் போடாமல், கதைக்காமல், பெட்டியைத் திறந்து பார்க்காமல், வெயில் ஏற முன் போனாலும் சில வழியில் போய்விடும். அங்கே இடம் நெருக்கமாக இருக்கும் நாளும் வரும். 2022 இல் பெற்றோல் வரிசையில் ஓர் இரவு முழுக்க நின்றவர்களுக்கு வண்டியை நம்பிய திட்டம் எவ்வளவு மெல்லியது என்று தெரியும். ஆனால் அதே வருடம் பால்மாவும் கடையில் இல்லை, மின்சாரமும் மணிக்கணக்கில் இல்லை. முழு நிலையமோ ஆமைத் தொட்டியோ இருந்திருந்தால் எத்தனை உயிரை வைத்துக்கொண்டு கையைப் பிசைந்திருப்போம்? வண்டி நின்றால் அன்றைக்கு வந்த ஒரு மிருகம் பாதிக்கும். நிலையம் நின்றால் உள்ளே இருக்கிற எல்லாம் பாதிக்கும்.

எந்த வழியிலும் தீராத கேள்வி ஒன்று உண்டு. சுகமானதை எங்கே விடுவது? குரங்கை எடுங்கள். தம்பலகாமத்திலும் மூதூரிலும் தென்னையும் தோட்டமும் வைத்திருப்பவர்களிடம் குரங்கைக் காப்பாற்றி விடப்போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கையும் மந்தியையும் மயிலையும் காட்டுப்பன்றியையும் மர அணிலையும் எண்ணச் சொன்னார்கள், பயிர் அழிவு அவ்வளவு தூரம் போய்விட்டது. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. தனியாக வளர்ந்த குரங்கை எந்தக் கூட்டமும் சேர்க்காது, அது திரும்ப வீடுகளுக்குத்தான் வரும், யாரோ அடிப்பார்கள். ஆகவே குட்டிக் குரங்கை நாங்களாக வளர்ப்பதில்லை என்று முடிவெடுத்தோம். கூட்டம் பக்கத்தில் இருந்தால் அன்றே திரும்பச் சேர்க்கப் பார்ப்பது, இல்லையென்றால் திணைக்களம். யானையும் சிறுத்தையும் முதலையும் எங்கள் வேலை இல்லை. ஹக்கபட்டாஸ் என்ற, தீனுக்குள் மறைத்து வைக்கிற வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைக்குட்டியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது கல்நெஞ்சாகத் தெரியும். நானும் பார்த்திருக்கிறேன். அங்கே நாங்கள் செய்யக்கூடியது கூட்டத்தை விலக்குவதும் வைத்தியர் வரும்வரை இடத்தைக் காட்டி நிற்பதும்தான்.

தப்பாது என்று வைத்தியர் சொன்னதை வலியில்லாமல் போகவிடுவதற்கும் எல்லாரும் சம்மதித்தோம். தோள் மூட்டில் நொறுங்கிய செம்பருந்தைப் பத்து வருடம் கூண்டில் உட்காரவைத்து, அது உயிரோடு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் இல்லை. இந்த ஒன்றில் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. ஒரு தங்கச்சி அழுதுவிட்டு எழும்பிப் போனார். அடுத்த கிழமை திரும்பி வந்து, முடிவை வைத்தியர் மட்டும் எடுக்கவேண்டும், நாங்கள் ஒருபோதும் எடுக்கக்கூடாது என்று கொப்பியில் எழுதச் சொன்னார். எழுதினோம்.

என் வாக்கு நான்காவது வழிக்கு. ஆறு பேரில் ஐந்து பேரும் இப்போது அங்கேதான் நிற்கிறோம். ஆறாவது ஆள் இன்னும் ஆமைத் தொட்டியைத்தான் கேட்கிறார், அவரைப் பிழை என்று சொல்லமாட்டேன். கடல் மிருகத்தை நூறு கிலோமீற்றர் உள்நாட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் திட்டத்தின் உண்மையான ஓட்டை. அதற்காகத் தண்ணீர் நிரப்பாத ஒரு தாழ்ந்த சீமெந்துத் தொட்டியும் நிழல் பந்தலும் மட்டும் சேர்த்திருக்கிறோம், வைத்தியர் வந்து பார்க்கும்வரை ஆமையை ஈரத்தோடு வைக்க. கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டிகளிடம் வாடி வாடியாகப் போய், வலையில் ஆமை வந்தால் என்ன செய்வது என்று காட்டத் தொடங்கியும் விட்டோம். சாக்கும் கத்தரிக்கோலும் ஒரு பையில், எங்கள் இலக்கம் பையின் மேலே.

கனடாவுக்கு எழுதிய பதிலில் காணியை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் அப்படியே இருக்கட்டும், அதில் கூண்டு கட்டவேண்டாம், இரண்டு அறையை மட்டும் வீதியோரமாகப் போடுவோம், கட்டடத்துக்கு ஒதுக்கிய காசில் வானை வாங்கித் தாருங்கோ என்று கேட்டிருக்கிறோம். இரண்டு வருடக் கொப்பியைப் பார்த்துத்தான் அடுத்தது. அப்படி ஒன்று கட்டுவதாக இருந்தால் அது பருந்துகளுக்கான நீளமான பறக்கும் கூண்டாகத்தான் இருக்கும். எலும்பு கிரித்தலையில் பொருந்திவிடும், ஆனால் சிறகு கட்டி வைத்த பறவைக்கு நெஞ்சுத் தசை வற்றியிருக்கும், பல கிழமை பறந்து பழகினால்தான் திரும்ப வரும். செம்பருந்துக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுக்கவும், பிடிபட்ட அதே கரையில் திறந்து விடவும் நிலாவெளிக் காற்று நல்லது. நீளம் எவ்வளவு வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்டிருக்கிறோம், வேலியின் தெற்குப் பக்கத்தை அதற்காக விட்டு வைத்திருக்கிறோம்.